வாணலிக்கு வெளியே வால்

அன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். இந்த வீட்டில் இனி ஓரங்குல இடத்தைக்கூட எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதே அம்முடிவு. வாய் நிறைய நுரை இருந்தமையால் அதனை உடனே அறிவிக்க இயலவில்லை. கொப்பளித்துவிட்டு வருவதற்குள் என் மனைவி தன்னுடைய அறிவிப்பை வெளியிட்டுவிட்டாள்.

“எங்க அக்கா வர்றா.”

“வரட்டும். சாப்பிட்டுட்டு எப்ப கிளம்பறாங்க?”

“அவ வீட்டுக் கூரையைப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. புதுக் கூரை போடுற வரைக்கும் இங்கதான் இருப்பா.”

“எப்ப போட்டு முடிப்பாங்களாம்?”

“அதைக் கொத்தனாரைத்தான் கேக்கணும்.”

கொத்தனாரைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் இதுவரை உலகில் எவரும் இலர். 

எங்கள் வீட்டில் படுப்பதற்கு உரிய அறைகள் இரண்டே. முன்னறையில் நானும் மனைவியும் உறங்குகிறோம். கூடத்தில் உணவு மேசையைப் போட்ட பிறகு காற்றே ஒருக்களித்துத்தான் உள்ளே வருகிறது; அங்கே ஆள் படுக்க வழியில்லை. எஞ்சியிருப்பது பின்னறை. அந்தப் பின்னறைதான் என் உயிர்நிலை. அங்கே என் தூண்டிற்கோல்கள் சுவரில் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. தூண்டில் நரம்பு சுற்றும் உருளைகள் ஆணிகளில் தொங்குகின்றன. முட்களும், ஈயக் குண்டுகளும், தக்கைகளும், கைவலையும் தத்தம் இடத்தில் தத்தம் மரியாதையோடு வீற்றிருக்கின்றன. ஒரு பழைய கட்டிலும் உண்டு. அதன் மீது வலை காய்கிறது.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி மூக்குகள் என் சட்டங்களைத்தான் சுமக்கின்றன. எனினும் கண்ணாடி எனக்குத் தொழில். தூண்டில் எனக்குக் கல்வி. அக்கல்வியை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. இதனை மீன்களும் ஒப்புக்கொள்ளும்.

“பின்னாடி ரூமை ஒழிச்சுக் குடுத்துருங்க,” என்றாள் மனைவி.

“அது ரூம் இல்ல. ஆயுதசாலை.”

“ஆயுதம் இருக்கு, சரி. போர் நடந்த மாதிரியே தெரியலையே. போன வருஷம் முழுக்க இந்த வீட்டுக்கு எத்தனை மீன் வந்துச்சு?”

“எத்தனைங்கிறது பெருசில்ல. எப்படிங்கிறதுதான்...”

“ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. அதுவும் பூனை கவ்விட்டு வந்தது.”

இச்சொல் என் நெஞ்சில் முள்ளாய் இறங்கியது. மீன் முள் அன்று, தூண்டில் முள். இறங்கினால் எளிதில் வெளியே வராது.

மீன்கள் முட்டையிடும் மாதங்களில் எங்கள் ஏரியில் தூண்டில் போடத் தடை உண்டு. அத்தடை மறுநாள் நீங்குவதாக இருந்தது. நான் தலையை நிமிர்த்தினேன்.

“நாளைக்கு ஏரி திறக்கறாங்க. முதல் நாளே, பொழுது சாயறதுக்குள்ள, என் தூண்டில்ல மீன் பிடிச்சுக் கொண்டாறேன். கொண்டாந்துட்டா பின்னாடி ரூம் என்னுது. அப்புறம் பேச்சே கிடையாது.”

“மீன்னா? விரல் நீளத்துக்கு ஒண்ணைக் கொண்டாந்து நீட்டினா?”

“எவ்வளவு பெருசு வேணும்? நீயே சொல்லு.”

அவள் சமையலறைச் சுவரை ஏறிட்டுப் பார்த்தாள். அங்கே இரண்டு வாணலிகள், தாயும் மகளும் போல, அடுத்தடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

“வாணலியில வச்சா வால் வெளிய தெரியணும்.”

“தெரியும். தெரியலைன்னா?”

“ரூம் அக்காவுக்கு. தூண்டில் எல்லாம் பக்கத்து வீட்டுக்கு.”

 பக்கத்து வீட்டில் இருப்பவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். என்னைவிட இளையவர், நல்லவர். ஆனால் என் தூண்டிற்கோல்களைக் காணும்போதெல்லாம், பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்ப்பது போலப் பார்ப்பார். சுத்தியல் கேட்டு வருவார். சுத்தியலை வாங்கிக்கொள்வார். கண்களை மட்டும் பின்னறையில் விட்டுவிட்டுப் போவார்.

“சரி,” என்றேன். குரல் சற்றே கீச்சிட்டது. “ஆனா நாளைக்கு நீ பேச்சு மாறக் கூடாது. சாட்சி வேணும்.”

“அவரையே சாட்சியா கூட்டிட்டுப் போங்க. வாணலியையும் குடுத்து அனுப்பறேன். அங்கேயே அளந்து பாத்துக்கங்க.”

“ஜெயிச்சா ரூம் எனக்கு?”

“முழுக்க முழுக்க உங்களுக்குத்தான். அக்கா அதுக்குள்ள கால் எடுத்து வைக்க மாட்டா. நானும் வந்து எட்டிப் பாக்க மாட்டேன். போதுமா?”

“போதும்.”

“நீங்களும் பேச்சு மாறக் கூடாது. ஜெயிச்சுட்டு, அப்புறம் ரூம் வேண்டாம்னு சொல்லக் கூடாது.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பெண்களுக்கு நிபந்தனை விதிக்கவே தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் விடியுமுன்னே என்னை எழுப்பியவள் அவளேதான். பிளாஸ்கில் தேநீர் ஊற்றி வைத்திருந்தாள். ரொட்டி பொட்டலமாகக் கட்டியிருந்தாள். கம்பளிச் சட்டையைத் தானே எடுத்து வந்து என் தலை வழியே மாட்டினாள். எதிரணித் தளபதி, போர் தொடங்கும் முன் எனக்குக் கவசம் பூட்டிவிடுகிறாளே!  இவ்வளவும் ஏளனம், என்னால் ஆகாது என்ற உறுதியில் காட்டும் பரிவு என்று முடிவு கட்டினேன்.

கடைசியாக ஒரு சிறு டப்பாவை நீட்டினாள்.

“என்ன இது?”

“மாவு. இரைக்கு. பிசைஞ்சு வச்சேன்.”

“என்கிட்ட மண்புழு இருக்கு.”

“இருக்கட்டும். இதையும் வச்சுக்கங்க. எதுக்காவது ஆகும்.”

எதற்காவது ஆகும் என்றாளே, எதற்கு? அதில் சோப்புத்தூள் கலந்திருக்குமோ? மிளகாய்ப்பொடி இருக்குமோ? ஏரியில் உள்ள மீன்கள் அனைத்தும் இதன் வாடைக்கே அடுத்த கரைக்கு ஓடிவிடுமோ? டப்பாவை வாங்கிப் பையின் அடியாழத்தில், பழைய கந்தலுக்குக் கீழே புதைத்தேன்.

ஏரிக்கரையில் பனி படர்ந்திருந்தது. தடை நீங்கிய முதல் நாளாதலால் மதகடியில், ஆழம் மிகுந்த இடத்தில், மனிதர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அவ்விடத்தைத் திரும்பியும் பாராமல் நடந்தேன். கடிகாரக்காரர் ஒரு மடக்கு நாற்காலியையும் என் கைவலையையும் ஒரு துணிப்பையையும் சுமந்தவாறு பின்னே வந்தார்.

“எல்லாரும் அங்க நிக்கிறாங்களே அண்ணே. பெரிய மீன் ஆழத்துலதான இருக்கும்?”

“இருக்கும். படுத்துக் கிடக்கும். குளிர் இன்னும் தண்ணியை விட்டுப் போகலை. இந்தக் குளிர்ல பெரிய மீன் அசையாது. அசையாதவனுக்குப் பசிக்காது. பசிக்காதவன் வாயைத் திறக்க மாட்டான்.”

“அப்ப என்ன செய்யறது?”

“வாய் திறக்கறவனைத் தேடிப் போகணும். முதல்ல கெளுத்தி. அதோ அந்த வாய்க்கால் ஏரியில வந்து விழுற இடம். அங்க தண்ணி கலங்கியிருக்கும். கலங்கின தண்ணியில கெளுத்தி மீசையால தடவித் தடவி இரை தேடும். புழுவைத் தரையோட தரையா போட்டு வைக்கணும். வெயில் ஏறினதும் பாசி ஓரம், விராலுக்கு. பின்நேரம் கோரைப் பக்கம், கெண்டைக்கு.”

“அடேயப்பா!” என்றார். பிறகு நாற்காலியை விரித்து, பைக்குள் கைவிட்டு, வாணலியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் திகைத்தேன். அது தாய் வாணலி அன்று, மகள்.

“இது சின்னதாச்சே?”

“அண்ணி இதைத்தான் குடுத்தாங்க.”

என் காதுகள் சுட்டன. அதாவது, பெரிய வாணலியை வைத்து அளக்குமளவு மீன் எனக்கு வாய்க்காது என்று அவள் கணித்திருக்கிறாள். எனக்காக அளவையே குறைத்திருக்கிறாள். இத்தகைய அவமதிப்பை நான் எந்த வாடிக்கையாளரிடமும் பெற்றதில்லை. அவள் சின்ன வாணலியை அனுப்பினால் நான் பெரிய மீனாகவே பிடிப்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளில் புழுவைக் கோத்தேன்.

தக்கை நீரில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பனி விலகியது. பக்கத்தில் ஒரு நீர்க்கோழி தன் காலை உணவை முடித்துக்கொண்டு, எங்களை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போயிற்று.

“அண்ணே, அந்த நீளமான கோலுக்கு எண்ணெய் போடணுமா?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான். தெரிஞ்சுக்கலாம்னு.”

“அதுக்கெல்லாம் இன்னும் பொழுது இருக்கு.”

“நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணே. வீட்டுல மாட்டுறதுக்கு ஆணிகூட நான் இன்னும் அடிக்கலை.”

அப்போது தக்கை ஆடிற்று. ஒருமுறை தலை குனிந்தது. நிமிர்ந்தது. பிறகு பக்கவாட்டில் நடந்து போகத் தொடங்கியது. கெளுத்திதான்! அது இரையை எடுத்தால் இப்படித்தான், களவாடிய பொருளைத் தூக்கிச் செல்பவன் போல, ஓசையின்றி ஓரமாக நடக்கும். நான் மணிக்கட்டைச் சுண்டினேன். கோல் வளைந்தது. உருளை முனகிற்று. கெளுத்தி கரையேறியது.

“வாணலி!” என்று கத்தினேன்.

மீனை வாணலியில் கிடத்தினோம். தலை ஒரு விளிம்பைத் தொட்டது. வால் மறு விளிம்பைத் தொட்டது. தொட்டதோடு நின்றுவிட்டது.

“உள்ளதான் இருக்கு அண்ணே.”

“நல்லாப் பாருங்க. நுனி வெளிய தெரியுது.”

“அது உங்க விரல்.”

“கொஞ்சம் நேரா வைங்க.”

“நேராத்தான் இருக்கு. இழுக்காதீங்க அண்ணே, அது ரப்பர் இல்ல.”

“மீசையைக் கணக்குல சேத்துக்கலாமே?”

“வால்னுதான அண்ணி சொன்னாங்க. மீசைன்னு சொல்லலையே.”

சாட்சி நேர்மையானவராக இருப்பதைவிடப் பெருந்துன்பம் வேறில்லை. கெளுத்தியை நீரில் விட்டேன். அதன் பிறகு வாய்க்கால் வாயில் வந்தவை எல்லாம் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. புழுக்கள் குறைந்துகொண்டே வந்தன.

வெயில் ஏறியதும் பாசி ஓரத்துக்கு நகர்ந்தோம். விரால் முரட்டு மீன். பாசிக்கு அடியில் பதுங்கிக் கிடந்து, மேலே ஏதேனும் துள்ளினால் பாய்ந்து கவ்வும். ஆகவே நான் ரப்பர் தவளை ஒன்றை நரம்பில் கட்டிப் பாசி மீது எறிந்து துள்ள விட்டேன். துள்ளியது. ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் எறிந்தேன். பாசியைக் கிழித்துக்கொண்டு நீர் வெடித்தது! கடிகாரக்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். நான் கோலை வாரி இழுத்தேன். நரம்பு வெறுமையாகத் திரும்பி வந்தது. தவளையின் பின்னங்கால்கள் இரண்டும் இல்லை.

“விட்டுட்டுப் போயிருச்சா?”

“எடுத்துட்டுப் போயிருச்சு.”

“இன்னொரு தடவை போட்டுப் பாருங்க.”

“அது இனிமே வராது. இந்தப் பருவத்துல விரால் ஒரு தடவைதான் பாயும். தண்ணி நல்லாச் சூடேறுற வரைக்கும் அதுக்கு அவ்வளவுதான் தெம்பு.”

என் தெம்பும் அவ்வளவுதான். பொழுது உச்சி தாண்டிவிட்டது. தோள்கள் வலித்தன. கண்ணை மூடினால் பின்னறைச் சுவர் வெறுமையாகத் தெரிந்தது. வலை காயும் கட்டிலில் என் மைத்துனி கால் நீட்டிப் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கும் ஓசை கேட்டது.

பின்நேரத்துக்குக் கோரைப் பக்கம் வந்தோம். ஏரியிலேயே ஆழம் குறைந்த இடம் அது. அடியில் கருஞ்சேறு. நாள் முழுதும் வெயிலை வாங்கிய சேறு தண்ணீரைச் சூடாக்கும். மதியத்திலிருந்து அடித்த காற்று மேல்நீரின் வெதுவெதுப்பையும் இக்கரைக்கே தள்ளிக்கொண்டு வந்திருந்தது. கை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சி குறைந்திருந்தது. கோரைத் தண்டுகள் காற்றில்லாத நேரத்திலும் அசைந்தன. கெண்டைகள் உள்ளே முதுகு உரசிக்கொண்டிருக்கின்றன!

புழு டப்பாவைத் திறந்தேன். வெறும் மண். கிளறினேன். அதுவும் மண்.

“என்ன அண்ணே?”

“புழு தீந்துருச்சு.”

“ஐயையோ,” என்றார் கடிகாரக்காரர். உண்மையாகவே வருந்தினார். ஆயினும் அவர் கண்கள் என் நீளமான கோலை ஒருமுறை தடவிவிட்டு வந்ததை நான் கவனித்தேன்.

கரைக்கு மேலே ஏரிக் காவலர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார். பொழுது சாய்ந்ததும் அவர் விசில் ஊதுவார். அதன்பின் நீரில் தூண்டில் இருந்தால் குற்றம். விசில் ஏற்கெனவே அவர் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. பையின் அடியிலிருந்து மனைவியின் டப்பாவைத் தோண்டி எடுத்தேன். திறந்தேன். மஞ்சள் நிறத்தில் ஓர் உருண்டை.

“மோந்து பாருங்க. சோப்பு வாசம் வருதா?”

கடிகாரக்காரர் முகர்ந்தார். கிள்ளினார். வாயில் போட்டுக்கொண்டார்.

“என்னய்யா பண்றீங்க!”

“சர்க்கரை போட்டிருக்காங்க அண்ணே. பூண்டும் தட்டிப் போட்டிருக்காங்க. நல்லாத்தான் இருக்கு.”

சர்க்கரையும் பூண்டும்! கெண்டைக்கு அவ்விரண்டைக் காட்டிலும் சிறந்த இரை இல்லை என்று உணவு மேசையில் எத்தனையோ முறை நான் உரையாற்றியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.  இதை ஆராய நேரமில்லை. மெல்லிய நரம்பை மாட்டினேன். சின்ன முள்ளைக் கட்டினேன். பருவத் தொடக்கத்தில் கெண்டை நோயாளி போல நுனிவாயால்தான் தின்னும். பெரிய இரை ஆகாது. பட்டாணி அளவுக்கு மாவைக் கிள்ளி உருட்டி, கோரை ஓரத்தில் ஓசைப்படாமல் இறக்கினேன்.

வெயில் மஞ்சளாயிற்று. காவலர் விசிலைக் கையில் எடுத்துத் துடைத்தார்.

“அண்ணே,” என்று கடிகாரக்காரர் மெதுவாகக் கேட்டார். “ஒரு சந்தேகம். நீங்க தோத்தா அவங்க அக்கா பின்னாடி ரூம்ல தங்குவாங்க. சரி. ஒருவேளை நீங்க ஜெயிச்சுட்டா, அவங்க எங்க தங்குவாங்க?”

“அது அவ கவலை. நான் எதுக்கு அதை...”

தக்கை மறைந்தது.

ஆடவில்லை, நடக்கவில்லை. இருந்தது, இல்லை. கோல் என் கையிலிருந்து பாய்ந்துவிடப் பார்த்தது. உருளை அலறியது. நரம்பு நீரைக் கிழித்துக்கொண்டு கோரைக்குள் நுழைய விரைந்தது. உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டால் மெல்லிய நரம்பு நூலிழையாய் அறுந்துவிடும்.

“பிடிங்க அண்ணே! இழுங்க!”

“இழுத்தா அறுந்துரும்! விடணும்!”

“விட்டா போயிருமே!”

“விட்டுப் பிடிக்கணும்!”

விட்டேன். பிடித்தேன். மீன் திரும்பியது. நானும் கரையோரம் அதனோடு ஓடினேன். என் இடக்கால் செருப்பைச் சேறு விழுங்கிற்று. பின் வலக்கால் செருப்பையும் விழுங்கிற்று. மீன் ஆழத்துக்குப் போக முயன்றது. நான் நீருக்குள் இறங்கினேன். முழங்கால், தொடை, இடுப்பு. குளிர் எலும்பைக் கடித்தது. ஒருமுறை அது மேலே புரண்டது. பொன்னிறமான அதன் பக்கம் முழுவதையும் கண்டேன். என் வாழ்நாளில் அத்தகைய கெண்டையை நான் கண்டதில்லை. மகள் வாணலியென்ன, தாய் வாணலிக்கும் அடங்காது.

காவலர் விசிலை வாயில் வைத்துவிட்டார். சிவந்த சூரியனின் கீழ் விளிம்பு மரங்களுக்குள் இறங்கிவிட்டது.

மீன் களைத்தது. பக்கவாட்டில் சாய்ந்து என் அருகே வந்தது. கோலை விட்டால் கை கிட்டாது. கையை நீட்டினால் கோல் நிற்காது.

“வலை! வலையைக் கொண்டாங்க!”

 திரும்பிப் பார்த்தேன். கைவலையைப் பிடித்தபடி கடிகாரக்காரர் கரையில் நின்றிருந்தார். வலையைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். என் கையிலிருந்த நீளமான கோலைப் பார்த்தார். அவர் ஒரு கணம் தாமதித்தாலே போதும். கோல்கள் அனைத்தும் அவருடையவை. 

“உங்களுக்கும் வறுத்துத் தரச் சொல்றேன்யா!” என்று கதறினேன்.

“வால் பக்கமா, வயித்துப் பக்கமா?”

“வயித்துப் பக்கம்!”

அவர் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் கைவலை கோரையில் மாட்டிக்கொண்டது. இழுத்தார்; வரவில்லை. மறு கையில் வாணலி இருந்தது. கண நேரமும் யோசியாமல் அதையே நீரில் செலுத்தி, மீனை அள்ளி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையில் விழுந்தார். நான் அவர் மீது விழுந்தேன்.

விசில் ஒலித்தது.

எங்கள் இருவருக்கும் இடையே, வாணலிக்கு இந்தப் பக்கம் தலையும் அந்தப் பக்கம் வாலும் நீண்டு, கெண்டை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“வால் வெளிய இருக்கு அண்ணே,” என்றார் சாட்சி மூச்சிரைக்க. “நான் பாத்துட்டேன்.”

வெறுங்காலோடும், இடுப்பு வரை ஈரத்தோடும், தோளில் கெண்டையோடும் நான் வீதியில் நடந்து வந்த கோலத்தை விவரிக்க முயலமாட்டேன். வாகை சூடிய மன்னர்களுக்குச் செருப்பு இருந்திருக்கும் என்பது ஒன்றே வேறுபாடு.

வாசலில் முன்பின் அறியாத ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. மைத்துனி வந்துவிட்டாள். வரட்டும். எங்கே படுப்பாளோ, பாவம்.

என் மனைவி கதவைத் திறந்தாள். மீனைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததே, ஒரு மலர்ச்சி! எங்கள் திருமணத்தன்றுகூட நான் அதைக் கண்டதில்லை.

“ஜெயிச்சுட்டீங்களா!”

“சாட்சியைக் கேளு.”

“வால் நல்லா வெளிய இருந்துச்சு அண்ணி,” என்றார் கடிகாரக்காரர். “அப்புறம் எனக்கு வயித்துப் பக்கம்.”

“உக்காருங்க, இப்ப வறுத்துடறேன். நீங்க போய் ஈரத்தை மாத்துங்க. சளி பிடிச்சுக்கப் போகுது.”

தோற்றவள் முகத்தில் தோல்வியைத் தேடினேன். கிடைக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். வறுத்த கெண்டையை அனைவரும் உண்டோம். மைத்துனியும் உண்டாள், முள் எடுப்பதில் தேர்ந்தவள், இரண்டு பங்கு உண்டாள். நான் மட்டும் தலைப் பகுதியை ருசித்தவாறே, நுனிவாயால் தின்னும் மீனை மெல்லிய நரம்பால் பிடிக்கும் நுட்பத்தை விளக்கினேன். கேட்க ஒருவரும் இல்லாவிட்டாலும் வெற்றி பெற்றவன் விளக்கத்தான் வேண்டும்.

அசதி அழுத்தியது. எழுந்து முன்னறைக்குப் போனேன்.

என் கட்டிலில், என் போர்வைக்குள், என் தலையணையில் சாய்ந்து, என் மைத்துனி ஏற்கெனவே கால் நீட்டியிருந்தாள். நான் படிப்பதற்கென்று நானே தலைமாட்டில் மாட்டிய விளக்கு அவள் முகத்தில் எரிந்துகொண்டிருந்தது.

“வாங்க மாப்பிள்ளை,” என்றாள் அன்போடு.

நான் மனைவியைத் தேடி ஓடினேன்.

“உங்க அக்கா என் கட்டில்ல படுத்திருக்காங்க!”

“ஆமா. பின்ன எங்க படுப்பா?”

“பின்னாடி ரூம்...”

“அது உங்களுதாச்சே. அவ அதுக்குள்ள கால் வைக்க மாட்டான்னு சத்தியம் பண்ணியிருக்கேன்ல. உங்களுக்கு அங்கதான் படுக்கை போட்டிருக்கேன். வலையை எடுத்து ஓரமா மாட்டிட்டேன்.”

“அப்ப... நான் தோத்திருந்தா?”

“அக்கா அங்க. நீங்க எப்பவும் போல இங்க.”

“என் கட்டில்ல?”

“உங்க கட்டில்லதான். அப்படி மட்டும் ஆகியிருந்தா என் கதியை நினைச்சுப் பாருங்க. கூரை போட்டு முடிக்கிற வரைக்கும் மண்புழு, பாசி, கெளுத்தி மீசைன்னு நான் ஒருத்தியே கேட்டுட்டுக் கிடக்கணும். அக்காவும் நானும் பேச எவ்வளவோ இருக்கு.”

“அதுக்காகத்தான் மாவு பிசைஞ்சு குடுத்தியா?”

“நீங்க தோத்துறக் கூடாதேன்னு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லைங்க.”

 நெஞ்சை நிமிர்த்தினேன்.

“சரி. ஒரு பெருந்தன்மைதான். அந்த ரூமை உங்க அக்காவுக்கே விட்டுக் குடுத்துடறேன்.”

மனைவி, கூடத்தில் வயிற்றுப் பக்கத்தைக் கடைசித் துணுக்கு வரை வழித்துத் தின்றுகொண்டிருந்த சாட்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

“பேச்சு மாறக் கூடாது அண்ணே,” என்றார் அவர், முள்ளை வாயிலிருந்து எடுத்தபடி. “அதுக்குத்தான என்னை நாள் பூரா உக்கார வச்சீங்க.”

என் பல் தூரிகையையும் படிக்கும் கண்ணாடியையும் எடுத்துக்கொள்ள முன்னறைக்குள் கடைசி முறையாக நுழைந்தேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“மாப்பிள்ளை, போறப்ப அந்த லைட்டை அணைச்சுட்டுப் போங்க. கண்ணு கூசுது.”

அணைத்துவிட்டுப் போனேன்.